முக்கால் சுற்று

அந்த வீட்டில் எந்த மூடியையும் ஓர் ஆளால் திறக்க முடியாது. சர்க்கரை டப்பாவுக்கே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருக வேண்டும். குழாய்களும் அப்படித்தான், ஒருமுறை மூடினால் மூடியதுதான். வாஷர் மாற்ற அடிக்கடி வந்துபோகும் பிளம்பர், "இந்த வீட்ல பயில்வான் யாருங்க?" என்று கேட்டுவிட்டு, மாமியாரின் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்துக் குழம்பிப் போவார்.

இதற்கெல்லாம் மூலகர்த்தா, காலமாகிவிட்ட மாமனார். லாரி ஓட்டியவர். ஒருநாள் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது ஒற்றைச் சக்கரம் ஒன்று தன் லாரியை முந்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறார். எந்த முட்டாளின் வண்டிச் சக்கரமோ என்று சிரித்திருக்கிறார். சிரித்து முடிப்பதற்குள் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் அவர் கைபட்ட எதுவும் கூடுதலாக ஒரு திருகு வாங்காமல் தப்பியதில்லை. அவருக்குப் பிறகு அந்தப் பழக்கம் மனைவிக்கும், அவர் மூக்கோடு சேர்த்து இரண்டு மகன்களுக்கும் வாய்த்துவிட்டது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அவள் மூத்த மருமகளாக வந்தாள். அவளுக்கு எதிலும் அளவு வேண்டும். தேயிலையைக் கரண்டியில் எடுத்தால் மேலே விரலால் வழித்துத் தட்டையாக்கிவிட்டுத்தான் போடுவாள். சலவைக் கடையில் துணி தேய்க்கும் வேலை. எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு துணியையும் ஓரத்தில் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் இஸ்திரிப் பெட்டியை வைக்க மாட்டாள். பேக்கரியில் மாவு பிசையும் கொழுந்தன் அவளுக்கு வைத்த பெயர் 'அளவு அண்ணி'.

கணவன் வாடகைக் கார் ஓட்டினான். வாரத்தில் மூன்று நாள், டயாலிசிஸ் செய்துகொள்கிற நோயாளிகள் நான்கு பேரை விடிகாலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி, ஆஸ்பத்திரியில் விட்டு, பகலில் திரும்ப அழைத்து வரும் வேலை. அந்த வேலையில்தான் வீடு நின்றது. ஒருநாள் வண்டி வரவில்லையென்றாலும் வேறு வண்டிக்கு மாற்றிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். காரோ பழையது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது ஒரு சத்தத்தோடு போய், வரும்போது வேறொரு சத்தத்தோடு வரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் மாலை நேர மெக்கானிக் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "பகல் முழுக்க இஸ்திரிப் பெட்டி, பொழுது சாஞ்சா ஸ்பேனர். உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று தொடங்கி, பேச்சு வளர்ந்து, கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது.

"சரி, இந்தத் தடவை நம்ம வண்டிக்கு ஆயிலும் ஃபில்டரும் நீயே மாத்து," என்றாள் மாமியார். "ஒழுங்கா ஓடுச்சுன்னா படி. நான் வாயத் தொறக்க மாட்டேன். வண்டி நின்னுச்சுன்னா, கிளாசும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம். சரியா?"

"சரி அத்தை," என்றாள் அவள். சொன்ன மறுகணமே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

சனிக்கிழமை மதியம் வேலை தொடங்கியது. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் அணைத்தாள். முன் சக்கரங்களைச் சாய்வுப் பலகைகளில் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். வைத்த கல்லை உதைத்துப் பார்த்தாள். கீழே படுத்து, ஆயில் தொட்டியின் போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய் துணி துவைக்கும் பழைய தொட்டியில் கயிறு போல இறங்கியது. பிறகு ஃபில்டர். எஞ்சினின் பக்கவாட்டில், பேனட்டைத் தூக்கிக் குழாய்களுக்கு நடுவே கையை விட்டால் எட்டுகிற இடத்தில், சின்ன டின் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்காரர்கள் போட்டது. டின்னைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் பெல்ட் ஸ்பேனரை மாட்டி இழுத்ததும் முனகிக்கொண்டே கழன்றது.

பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்திருந்தது. எஞ்சினில் ஃபில்டர் உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். புதிய ஃபில்டரின் வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவினாள். கையாலேயே திருகி, வளையம் முகத்தைத் தொட்ட இடத்தில் நிறுத்தி, டின்னின் மேல் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டாள். அங்கிருந்து முக்கால் சுற்று, அவ்வளவுதான். "அடைக்கிறது ரப்பர். உங்க பலம் இல்ல," என்று வகுப்பில் சொல்லித் தந்த அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருந்தார்.

வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் அந்த முக்கால் சுற்று தொண்டையில் சிக்கியது.

"அவ்ளோதானா?" என்றான் கணவன்.

"அவ்ளோதாங்க."

"ஸ்பேனர் போட்டு ஒரு இழுப்பு இழுத்துட்டா நல்லதில்ல?"

"வேண்டாங்க. கையாலதான்."

"கையால இறுக்குறதுக்கு இது என்ன ஊறுகா பாட்டிலா?" என்றாள் மாமியார்.

"நம்ம வீட்டு பாட்டிலா இருந்தா இதைவிட ஜாஸ்தி இறுகியிருக்கும்மா," என்றான் கொழுந்தன். அவனே சிரித்துக்கொண்டான்.

புது ஆயில் ஊற்றி, ஓடவிட்டு, அணைத்து, அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்த்தாள். கீழே ஒரு செய்தித்தாளை விரித்தாள். சொட்டு விழவில்லை. அன்று ராத்திரி அவள் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டேனா, போட்டேன். வளையத்துக்கு ஆயில் தடவினேனா, தடவினேன். படுத்தபடியே ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை தூறல். மறுநாள் ஓட்டத்துக்கு டீசல் போட்டு வரலாம் என்று கணவன் வண்டியை எடுத்துப் போனான். போன வேகத்தில் திரும்பினான். வண்டிக்குப் பின்னாலேயே, தெருவிலிருந்து வாசல் வரை சொட்டுச் சொட்டாக ஒரு கோடு வந்திருந்தது. மழை ஈரத்தில் ஒவ்வொரு சொட்டும் நீலமும் ஊதாவுமாக விரிந்துகொண்டிருந்தது.

"ஏய், இங்க வா," என்றான் கணவன்.

அவள் வந்து பார்த்தாள். சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே போனாள். போல்ட் காய்ந்திருந்தது. ஃபில்டரின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் வழிந்து, டின்னின் அடியில் துளியாகச் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டைத் தேடினாள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வெளியே வந்து, பேனட்டைத் தூக்கி, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் குழாய்களுக்கு நடுவே நீட்டினாள். கோடு பின்பக்கமாகப் போய் ஒளிந்திருந்தது.

முக்கால் என்று நினைத்துக்கொண்டு ஒன்றேகால் சுற்றிவிட்டேனா? கோட்டையே தப்பான நேரத்தில் போட்டேனா? நேற்று ராத்திரி நூறு தடவை நினைத்துப் பார்த்ததில் இது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரர். அவரும் வாடகைக் கார்தான். சொந்த வாசலில் வண்டியை நிறுத்தும்போதும் ஹாரன் அடிப்பதால் தெருவில் அவருக்குப் பெயரே 'ஹாரன்'.

"என்ன, வண்டி அழுவுது போல?" என்றார்.

"ஒன்னும் இல்லண்ணே. சின்ன ஒழுகல்," என்றான் கணவன்.

"சின்னதா? தெருமுனையில இருந்து கோலம் போட்டுட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு ஆஸ்பத்திரி ஓட்டம் இருக்குல்ல? வேணும்னா சொல்லு, நான் எடுத்துக்கறேன். ஒத்தாசையா."

"ஒத்தாசையா எடுத்தா திருப்பிக் குடுப்பியா?" என்றாள் மாமியார், உள்ளிருந்து வாசலுக்கு வந்தபடி.

ஹாரன் அதைக் காதில் வாங்கவில்லை. "நேத்தே பார்த்தேன், பொண்ணு வெறுங்கையால திருகிட்டு இருந்துச்சு. அதான், லூசா இருந்திருக்கு. வேறென்ன?"

"லூசா?" கணவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "லூசா இருக்க வாய்ப்பே இல்ல. நேத்து ராத்திரி சாப்ட்டு முடிச்சிட்டு நான் ஸ்பேனர் போட்டு ஒரு இழுப்பு..."

சொல்லிவிட்டுத்தான் அவன் நாக்கைக் கடித்தான்.

அவள் கண்ணாடியும் கையுமாகத் திரும்பினாள்.

"அண்ணே," என்றான், பேக்கரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த கொழுந்தன், மெதுவாக. "நீயுமா?"

"நீயுமான்னா என்னடா அர்த்தம்?"

"விடியக்காலையில பேக்கரிக்குப் போறப்ப, சும்மா, எப்படி இருக்குன்னு தொட்டுப் பாக்கலாம்னு... உப்புத்தாள் சுத்திப் பிடிச்சேன். கொஞ்சம் நகர்ந்துச்சு. அண்ணி லூசா விட்டுட்டாங்களேன்னு நெனச்சு, அது போற வரைக்கும் திருகி..."

"மாவு பிசையிற கைடா அது! எருமை!"

"நீ ஸ்பேனரே போட்ட, நான் எருமையா?"

மூவரும் ஒரே நேரத்தில் மாமியாரைப் பார்த்தார்கள். அவள் வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைகளை அவசரமாக எடுத்து இடுப்பில் செருகினாள். ஒரு கையுறையின் உள்ளங்கை முழுக்கக் கறுப்பு.

"என்னை என்னத்துக்குப் பாக்கறீங்க? நான் அரைத் திருகுதான் திருகினேன். அதுவும் சாயங்காலமே. அவ குளிக்கப் போனப்ப."

தூறல் தகரக் கூரையில் படபடத்தது. மதிலுக்கு மேலிருந்த தலை இறங்கிவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நகரவில்லை.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது என்னவோ மூச்சு. முந்தின நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"அத்தை, நான் போட்டதை நீங்க தொட்டீங்க. நீங்க போட்டதை இவர் தொட்டாரு. இவர் போட்டதைத் தம்பி தொட்டுச்சு. ரப்பர் நசுங்கி ஒரு பக்கமா பிதுங்கிடுச்சு. இது என் கணக்குல சேராது."

"நான் எப்ப சேத்தேன்?" என்றாள் மாமியார், குரல் இறங்கி. "ஆனா நாளைக்கு வண்டி நின்னா, யார் கணக்குல சேர்ந்து என்னம்மா பிரயோஜனம்? டயாலிசிசுக்குப் போற அந்த டீச்சரம்மா போன தடவையே மூச்சு வாங்க வாங்கத்தான் ஏறுனாங்க."

அது நியாயம். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நிக்காது. தார்ப்பாயைக் கட்டுங்க."

கார் மறுபடி சாய்வுப் பலகைகளில் ஏறியது; அதன் மேல் தார்ப்பாய் ஏறியது. எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் கொழுந்தன் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தேநீரில் தோய்த்து நின்றுகொண்டே தின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மாட்டிய ஃபில்டரைக் கழற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. பெல்ட் ஸ்பேனர் ஆயிலில் வழுக்கியது. டின்னைத் துடைத்து, பெல்ட்டுக்குள் உப்புத்தாள் வைத்து இழுத்தார்கள். உப்புத்தாள்தான் கிழிந்தது. கணவன் கால்களை ஊன்றி இழுத்தபோது ஸ்பேனர் வழுக்கி, கை குழாய்க் கவ்வியில் மோதித் தோல் பெயர்ந்தது.

"நான் பாக்கறேன் தள்ளு," என்றான் கொழுந்தன். பார்த்தான். டின் நடுவில் ஒடுங்கியது, திரும்பவில்லை.

"மூணு பேரும் சேர்ந்து அவ்ளோ நல்லா இறுக்கியிருக்கோம்," என்றான், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"வாயை மூடு," என்றாள் மாமியார்.

மருமகள் யோசித்தாள். டின்னில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பலாம். ஆனால் அது கடைசி வழி, டின் கிழிந்துவிட்டால் பிடிப்பதற்கே ஒன்றும் இருக்காது என்று வகுப்பில் எச்சரித்திருந்தார்கள். குத்தலாமா, கூடாதா? கூடாது என்றால் வேறென்ன? வேறு வழி இல்லை என்று மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "தம்பி, சுத்தியலை எடுங்க," என்றாள்.

குத்தினார்கள். கறுப்பு எண்ணெய் அவள் முழங்கை வரை வழிந்தது. திருப்பியபோது டின் காகிதம் போலக் கிழிந்து, கையோடு வந்துவிட்டது. எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றது அடித்தட்டு மட்டும்.

"போச்சு," என்றான் கணவன். "நான் ஹாரனண்ணன்கிட்ட சொல்லிடறேன். நாளைக்கு ஒரு நாளைக்கு..."

"சொல்லாதீங்க."

"அதுல பிடிக்க என்ன இருக்கு?"

"விளிம்பு இருக்கு."

சாக்கைத் திருப்பிப் போட்டு மீண்டும் கீழே போனாள். கழற்றுகிற திசையில் சாய்த்து, உளியை விளிம்பில் வைத்துத் தட்டினாள். மெதுவாக. ஓரிடத்தில் தட்டி, உளியை நகர்த்தி அடுத்த இடத்தில் தட்டி, மறுபடி முதல் இடத்துக்கு வந்தாள். மழை தார்ப்பாயில் குளமாகத் தேங்கி அவ்வப்போது தொப்பென்று கொட்டியது. கணவன் அவள் தலைமாட்டில் குந்தி டார்ச் பிடித்தான். அவள் கண்ணில் ஆயில் தெறித்தபோது, கேட்காமலே துணியால் துடைத்துவிட்டான்.

"ராத்திரி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான்," என்றான்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தட்டிய அடியில் தட்டு கடுகளவு நகர்ந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடுமோ என்று. அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு கையாலேயே வந்தது.

கிழிந்த டின்னையும் தட்டையும் ஒரு துணியில் முடிந்து, அதே அளவில் வேண்டும் என்று கொழுந்தனை அனுப்பினாள். உதிரிபாகக் கடை ஞாயிறு மூடியிருக்கும். ஆனால் கடைக்காரரின் வீடு மாடியில்தான். முழுக்க நனைந்து திரும்பிய கொழுந்தன் ஃபில்டரை நீட்டிவிட்டு, "இதை எந்த நாய் கடிச்சதுன்னு கேட்டாரு," என்றான்.

"என்ன சொன்னே?"

"குடும்பமா சேர்ந்து கடிச்சோம்னு சொன்னேன்."

அதற்குள் அவள் எஞ்சின் முகத்தைத் துடைத்து முடித்திருந்தாள். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. விரலால் தடவினாள். சுத்தம். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கையை நன்றாகக் கழுவி உலர்த்திக்கொண்டு வந்து, நகத்தால் சுற்றிலும் வழித்தாள். மேல் பக்கத்தில் நகம் ஒரு இடத்தில் தடுக்கியது. நசுங்கிய பழைய ரப்பரின் ஒரு துணுக்கு, எஞ்சின் நிறத்திலேயே ஒட்டிக்கிடந்தது. மரச் சிம்பால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கணவனிடம் காட்டினாள்.

"இதுக்கு மேலேயே புதுசை மாட்டியிருந்தா?" என்றான் அவன்.

"நாளைக்கு நடுரோட்ல மொத்த ஆயிலும் கொட்டியிருக்கும்."

கணவன் அந்தத் துணுக்கை வாங்கி, தாயிடம் எடுத்துப் போனான். மாமியார் அதை விரலில் உருட்டிப் பார்த்தாள்.

வளையத்துக்கு ஆயில். கையால் திருகல். தொட்டதும் கோடு. முக்கால் சுற்று. இந்த முறை மூவரும் படியில் உட்காரவில்லை, சுற்றி நின்றார்கள். மாமியார் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். குறைந்திருந்த அளவுக்கு ஆயில் ஊற்றி, ஓடவிட்டு, அணைத்து, காத்திருந்து, அளவுக் கம்பியைப் பார்த்து, மறுபடி ஓடவிட்டாள். அடியில் விரித்த தாள் வெள்ளையாகவே இருந்தது.

"நாளைக்கு போய்ட்டு வரட்டும். அப்பறம் பேசிக்கலாம்," என்று மாமியார் உள்ளே போனாள்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், கணவன் குளித்துக்கொண்டிருக்கையில், அவள் டார்ச்சோடு வாசலுக்கு வந்தாள். பார்க்கத்தான் வந்தாள். தாள் காய்ந்திருந்தது. பேனட்டைத் தூக்கினாள். கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. யாரும் தொடவில்லை. குழாய்களுக்கு நடுவே கையை விட்டு டின்னைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

போதுமா இது? நாலு பேர் உட்காரப் போகும் வண்டி. டீச்சரம்மாவுக்கு வழியில் இறங்கி நிற்கக்கூடத் தெம்பு கிடையாது. பொடி அளவு இறுக்கினால் என்ன? ஒரு மயிரிழை. அதில் என்ன கெட்டுவிடப் போகிறது? விரல்கள் தாமாகவே டின்னைச் சுற்றி அழுந்தின. மணிக்கட்டு திரும்பத் தயாரானது. மூன்று பேரும் இப்படித்தான் நின்றிருப்பார்கள், ஒவ்வொருவராக, இதே இடத்தில், இதே பயத்தோடு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கையை வெளியே இழுத்து, பேனட்டை மூடினாள்.

திரும்பினால் வாசற்படியில் மாமியார்.

"என்ன பண்ணே?"

"ஒன்னும் பண்ணல அத்தை."

"நெஜமாவா?"

"நெஜமா. ஒன்னும் பண்ணாம வந்தேன்."

மாமியார் அவள் கையைப் பார்த்தாள், மூடிய பேனட்டைப் பார்த்தாள். "அதான் கஷ்டம்," என்றாள் மெதுவாக.

வண்டி போனது. அவள் சலவைக் கடையில் அன்று ஒரு காலரை ஏறக்குறையக் கருக்கிவிட்டாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கார் வாசலில் நின்றது. அடியில் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன, இரண்டு அண்ணனுடையவை, இரண்டு தம்பியுடையவை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து, மாமியாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்சு கெடக்கு," என்று கணவனின் குரல் கீழிருந்து வந்தது. "அங்க போயி ஒரு தடவை பார்த்தேன், திரும்பி வந்து ஒரு தடவை. சொட்டு இல்ல. டீச்சரம்மா தூங்கிட்டே வந்தாங்க."

"தொட்டீங்களா?" என்றாள் அவள்.

"சத்தியமா இல்ல."

"தம்பி?"

"கையைப் பாக்கெட்லயே வெச்சிருக்கேன் அண்ணி. படுத்துட்டு கூட."

மாமியார் நிமிர்ந்தாள். கொடியிலிருந்து துண்டை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

"முகம் கழுவிட்டுக் கிளம்பு. கிளாசுக்கு நேரமாகல? முட்டை அவிச்சு வெச்சிருக்கேன், தின்னுட்டுப் போ."

அவள் துண்டை வாங்கிக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"இன்னிக்கு என்ன பாடம்?" என்றாள் மாமியார் பின்னாலிருந்து.

"பிரேக், அத்தை."

காருக்கு அடியில் நான்கு கால்களும் அசைவற்றுப் போயின. மாமியார், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டேவிட்டாள்:

"அதையாவது நல்லா இறுக்கலாமில்ல?"